பத்து வருட விசா, ஆறு மாத அனுமதி!

சென்னை ஜெமினி மேம்பாலத்தை ஒட்டியிருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் வாசலில் காலை நேரத்தில் நின்று பார்த்தால், வரிசையில் இருப்பவர்களில் இரண்டு கூட்டம் சட்டெனக் கண்ணில் படும். ஒன்று, மேற்படிப்புக்குப் போகும் பிள்ளைகள். இன்னொன்று, முன்பு அப்படிப் படிக்கப் போய், வேலை கிடைத்து, அங்கேயே குடித்தனம் போட்டுவிட்ட பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள். முதல் கூட்டத்துக்கு என்ன விசா, எத்தனை நாள், எந்தப் படிவம் எல்லாமே அத்துப்படி. இரண்டாவது கூட்டத்தின் கையில் தடிமனான ஃபைல் இருக்கும். வீட்டுப் பத்திரம், வங்கி பாஸ்புக், பென்ஷன் ஆர்டர், மகனின் சம்பளச் சீட்டு, மகளின் வளைகாப்பு போட்டோ வரை அதில் அடக்கம். ஆனால், ‘விண்ணப்பத்தில் என்ன எழுதியிருக்கு?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘அதெல்லாம் பையன் பார்த்துக்கிட்டான்’ என்பார்கள்.

பலர் கோட்டை விடுவது அந்தப் பதிலில்தான்.

மகள் பிரசவம், பேரனின் முதல் பிறந்தநாள், மருமகள் மறுபடி வேலைக்குச் சேரும் மாதம் என்று வெளிநாட்டில் ஐந்தாறு மாதம் தங்கிவிட்டு வருவது இப்போது நாமக்கல்லிலும் காரைக்குடியிலும்கூடச் சாதாரணச் செய்தி. பத்து நாள் சுற்றுலா போகிறவருக்கு விசா கிடைத்தால் வேலை முடிந்தது. மாதக்கணக்கில் தங்கப் போகிறவருக்கு அதற்குப் பிறகுதான் வேலையே ஆரம்பம்.

ஃபைலைப் பிரிக்கவே மாட்டார்கள்

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற பெற்றோர் கேட்பது பி-1/பி-2 விசிட்டர் விசா. அந்த நாட்டுக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவு இதில் ஒரு கண்டிப்பான நிலையை எடுக்கிறது. விண்ணப்பிக்கிற ஒவ்வொருவரும் அங்கேயே குடியேறும் எண்ணத்தில் வருகிறார் என்றுதான் அதிகாரி எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை, திரும்பி வந்துவிடுவேன் என்று நம்ப வைக்க வேண்டியது விண்ணப்பிப்பவரின் பொறுப்பு. அறுபத்தெட்டு வயதில், சொந்த வீடு, தோட்டம், கோயில் தர்மகர்த்தா பதவி எல்லாம் இருக்கிற மனிதருக்கு இது அவமானமாகத்தான் படும். ஆனால் சட்டம் அதுதான்.

நேர்காணல் பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அந்த நேரத்தில் அதிகாரியின் கண் உங்கள் ஃபைலில் இருக்காது, கணினித் திரையில் இருக்கும். திரையில் தெரிவது நீங்கள் அனுப்பிய டிஎஸ்-160 படிவம். யாரைப் பார்க்கப் போகிறீர்கள், எத்தனை நாள், செலவு யாருடையது, இங்கே என்ன செய்கிறீர்கள், வேறு பிள்ளைகள் எங்கே என்று கேள்விகள் வரும். விசிட்டர் விசாவுக்கு மகனின் அழைப்புக் கடிதமோ, செலவை நான் ஏற்கிறேன் என்ற உறுதிப் பத்திரமோ அவசியமில்லை என்று அமெரிக்க வெளியுறவுத் துறையே சொல்லியிருக்கிறது. நம்மவர்கள் அதைத்தான் ஃபைலின் முதல் பக்கத்தில் வைக்கிறார்கள்!

சென்னையில் தமிழிலேயே பதில் சொல்லலாம். வருவதற்கு முன் ஒரு மாதம் ஆங்கில வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டு, கவுன்ட்டரில் மறந்துபோய் விழிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், படிவமும் வாயும் இரண்டு கதை சொல்லும்போது. படிவத்தில் மகன் ஐந்து மாதம் என்று போட்டிருப்பார். பக்கத்து வீட்டுக்காரரோ ஏஜென்ட்டோ, ‘ரொம்ப நாள்னு சொன்னா சந்தேகப்படுவாங்க, மூணு வாரம்னு சொல்லுங்க’ என்று ஓதியிருப்பார். அம்மா கவுன்ட்டரில் மூன்று வாரம் என்பார். பிறகென்ன, 214(பி) என்று அச்சடித்த தாள் கைக்கு வரும். இந்த நிராகரிப்புக்கு மேல்முறையீடு கிடையாது. மறுபடி விண்ணப்பிக்கலாம், 185 டாலர் கட்டணத்தையும் மறுபடி கட்ட வேண்டும்.

மறுப்போடு போனால் பரவாயில்லை. தெரிந்தே பொய் சொன்னதாக அதிகாரி பதிவு செய்துவிட்டால், அது அந்த நாட்டுக்குள் நுழையவே ஆயுள் முழுக்கத் தடையாகலாம். படிவத்தில், ‘உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா?’ என்று ஒரு கேள்வி உண்டு. குடியுரிமை பெற்ற மகள் பெற்றோருக்கு கிரீன் கார்டு மனு போட்டுவிட்டு, அதைச் சொன்னால் விசிட்டர் விசா போய்விடுமே என்று ‘இல்லை’ பட்டனை அழுத்துவார். மனு போட்ட விவரம் அதே அரசாங்கத்தின் கணினியில்தானே இருக்கிறது? கையெழுத்துக்குச் சமமான அந்த ஒப்புதலைக் கொடுத்தவர் யார்? மகள் இல்லை, அப்பா!

இன்னொரு நெருடலான விஷயம், பேரக்குழந்தை. ‘குழந்தையைப் பார்த்துக்கப் போறேன்’ என்று நம் அம்மாக்கள் வாஞ்சையோடு சொல்வார்கள். விசிட்டர் விசாவில் வேலை செய்யக் கூடாது. மகளும் மருமகனும் வேலைக்குப் போக, டேகேர் செலவை மிச்சம் பிடிக்க ஆள் வருகிறது என்று அதிகாரி அர்த்தம் எடுத்துக்கொண்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பும். பொய் சொல்லச் சொல்லவில்லை. ‘மகளையும் பேத்தியையும் பார்த்துவிட்டு, கூட இருந்துவிட்டு வரப் போகிறேன்’ என்பதுதானே உண்மையும்? அதை அப்படியே சொன்னால் போதும்.

79 வயதைத் தாண்டிய பெரியவர்களுக்கு நேர்காணல் வேண்டாம் என்று ஒரு சலுகை இருந்தது. 2025 செப்டம்பர் 2 முதல் அது போய்விட்டது. பழைய விசா காலாவதியாகி 12 மாதத்துக்குள் புதுப்பிப்பவர்களுக்கு மட்டும், சில நிபந்தனைகளோடு விலக்கு மிஞ்சியிருக்கிறது. பாட்டிதானே, நேர்காணல் இல்லாமல் ஆவணங்களை மட்டும் டிராப்பாக்ஸில் போட்டுவிடலாம் என்று பழைய நினைப்பில் இருக்காதீர்கள்.

இனிஷியல் படுத்தும் பாடு

தமிழர்களுக்கு மட்டும் என்று சொல்லிவிடலாம் போல ஒரு தலைவலி, பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். இந்தியப் பாஸ்போர்ட்டில் இனிஷியல் செல்லாது, விரித்து எழுத வேண்டும். சிலர் அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டிருப்பார்கள். வெளிநாட்டுக்காரர்கள் மரியாதையாக ‘மிஸ்டர்’ சேர்த்து எப்போதோ காலமான அப்பாவைக் கூப்பிட, நம்ம ஆள் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று உட்கார்ந்திருப்பார். சிலருக்கு ஒரே பெயர்தான், இன்னொரு கட்டம் காலி. அமெரிக்க விசாவில் அந்தக் காலிக் கட்டத்தை எஃப்என்யூ என்று மூன்றெழுத்து போட்டு நிரப்பிவிடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். விமான டிக்கெட், இன்சூரன்ஸ், மருத்துவமனைப் பதிவு என்று ஒவ்வொரு இடத்திலும் அந்த மூன்றெழுத்து கூடவே வரும்.

ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் 21 முதல் ஒரே பெயர் உள்ள பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருவோரை ஏற்பதில்லை என்று அறிவித்தது. பிறகு, பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று விளக்கம் வந்தது. அதற்குள் டிக்கெட் எடுத்தவர்கள் பட்டபாடு போதும் போதும் என்றாகிவிட்டது. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போதே இரண்டு கட்டத்தையும் நிரப்பிவிடுவது நல்லது. விசா, டிக்கெட் எல்லாம் வாங்கியபிறகு பெயரில் கை வைக்காதீர்கள்.

தேதி போடுகிறவர் வேறு

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். இந்தியர்களுக்கு அமெரிக்க விசிட்டர் விசா வழக்கமாகப் பத்து வருடத்துக்குக் கிடைக்கிறது. பத்து வருடம் என்று பாஸ்போர்ட்டில் பார்த்ததும் சிலர் அத்தனை காலமும் தங்கலாம் என்றே நினைத்துவிடுகிறார்கள். விசா என்பது கல்யாணப் பத்திரிகை மாதிரி. வாசல் வரை வருவதற்கு அது போதும். உள்ளே எவ்வளவு நேரம் என்பதை வாசலில் நிற்பவர் முடிவு செய்வார்.

விமானம் இறங்கும் ஊரில் இருக்கும் குடியேற்ற அதிகாரி, கைரேகையும் படமும் எடுத்துக்கொண்டு, எத்தனை நாள் என்று கேட்டு, ஒரு தேதியைப் பதிவு செய்வார். ஐ-94 என்ற பெயரில் அது கணினியில் ஏறும். பி-2 விசாவுக்கு வழக்கமாக ஆறு மாதம். குறைவாகவும் கொடுக்கலாம். பாஸ்போர்ட் அதற்குள் காலாவதியாகிறது என்றால் அந்தத் தேதியோடு நிறுத்திவிடுவதும் உண்டு. நாலு மாதத்தில் முடியப்போகும் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு ஆறு மாதப் பயணம் கிளம்புகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை. புதுப் பாஸ்போர்ட் எடுத்துவிட்டால் விசா வீணாகிவிடுமோ என்ற பயம். வீணாகாது. பழைய பாஸ்போர்ட்டில் விசா சேதமில்லாமல் இருந்தால், இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோகலாம்.

முன்பெல்லாம் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி, பேனாவால் தேதி எழுதுவார்கள். இப்போது முத்திரையே இல்லாமல் அனுப்பிவிடுவது அதிகரித்திருக்கிறது. அதனால், மகள் வீட்டுக்குப் போய் ரசம் சாதம் சாப்பிட்ட கையோடு, எல்லைப் பாதுகாப்புத் துறையின் ஐ-94 தளத்தில் பாஸ்போர்ட் எண்ணைப் போட்டு அந்தத் தேதியைப் பார்த்துவிட வேண்டும். ஒரு பிரதி எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். பெயரோ தேதியோ தப்பாகப் பதிவாகியிருந்தால் உடனே திருத்தக் கேட்கலாம். திரும்பும் டிக்கெட்டை அந்தத் தேதிக்கு இரண்டு வாரமாவது முன்னால் வையுங்கள். கடைசி நாளில் டிக்கெட் போட்டு, விமானம் ரத்தானால் என்ன செய்வது?

ஏனென்றால், ஒரே ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலும் அந்தப் பத்து வருட விசா சட்டப்படி செல்லாததாகிவிடும். 180 நாளுக்கு மேல் ஒரு வருடத்துக்குள் கூடுதலாகத் தங்கிவிட்டு வெளியேறினால் மூன்று வருடம் நுழையத் தடை. ஒரு வருடமோ அதற்கு மேலோ என்றால் பத்து வருடம். 1996-ல் கொண்டுவந்த சட்டம் இது. உடம்பு சரியில்லை, அறுவை சிகிச்சை என்று நியாயமான காரணம் இருந்தால், ஐ-94 தேதி முடிவதற்கு முன்பே ஐ-539 படிவம் போட்டு நீட்டிப்புக் கேட்கலாம். குறைந்தது 45 நாள் முன்னதாகப் போடுங்கள் என்பது குடியேற்றத் துறையின் பரிந்துரை. தேதி முடிந்த மறுநாள் போடுவதற்கும் முந்தின நாள் போடுவதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

‘ஆறு மாசம் அங்கே, ஆறு மாசம் இங்கே இருந்தா ஒண்ணும் கேட்க மாட்டாங்க’ என்று நடைப்பயிற்சி நண்பர்கள் சொல்வார்கள். அப்படி ஒரு விதி எழுதிவைக்கப்படவில்லை. அடுத்த முறை இறங்கும்போது அதிகாரி பழைய வருகைகளைப் பார்ப்பார். இவர் பார்க்க வருகிறாரா, இங்கேதான் குடியிருக்கிறாரா என்று அவர் மனதில் ஒரு கேள்வி எழுந்தால், பதில் சொல்ல வேண்டியது நீங்கள். வருடா வருடம் ஆறு ஆறு மாதம் என்று போய்வருகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இதற்குப் பயந்து சிலர் கிரீன் கார்டு வாங்கிவிடுகிறார்கள். குடியுரிமை பெற்ற, 21 வயது நிரம்பிய பிள்ளை பெற்றோருக்கு மனு போட்டால் எண்ணிக்கை உச்சவரம்பு கிடையாது என்பதால் கூப்பிடு தூரத்தில் தெரியும். ஆனால் கிரீன் கார்டு அங்கே வாழ்பவர்களுக்கானது. ஊரில் இருந்துகொண்டு, கார்டைக் காப்பாற்றுவதற்காக மட்டும் முட்டிவலியோடு இருபது மணி நேர விமானம் ஏறும் பெரியவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. என்னைக் கேட்டால், ஊரை விட மனசில்லாதவர்களுக்கு விசிட்டர் விசாவே கௌரவம்.

கனடா காட்டும் தாராளம்

பெற்றோர் விஷயத்தில் கனடா செய்தது ஒரு நல்ல காரியம். 2011 டிசம்பரில் சூப்பர் விசா என்று ஒன்றைக் கொண்டுவந்தது. குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ள பிள்ளை, பேரப்பிள்ளை அழைத்தால் பெற்றோரும் தாத்தா பாட்டியும் போகலாம். ஆரம்பத்தில் ஒரு முறை போனால் இரண்டு வருடம் தங்கலாம் என்றிருந்தது, 2022 ஜூலை 4 முதல் ஐந்து வருடமாக்கப்பட்டது. சாதாரண விசிட்டர் விசாவில் வழக்கமாக ஆறு மாதம்தான் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் இருக்கும் பெற்றோர் ஸ்காபரோவில் இருக்கும் பிள்ளைகளோடு வருடக்கணக்கில் சேர்ந்திருக்க இந்த வழி திறந்தது. பெற்றோரை நிரந்தரமாக அழைக்கும் திட்டத்தில் 2020-ல் பெயர் கொடுத்தவர்களில் இருந்தே 2025 வரை குலுக்கல் முறையில் எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதால், பலருக்குச் சூப்பர் விசாதான் கதி.

நிபந்தனைகள் உண்டு. அழைக்கும் பிள்ளையின் வருமானம் குடும்ப எண்ணிக்கைக்கு ஏற்ற குறைந்தபட்ச வரம்பைத் தாண்டியிருக்க வேண்டும். பெற்றோர் மருத்துவப் பரிசோதனை முடிக்க வேண்டும். ஒரு லட்சம் கனடா டாலருக்குக் குறையாத, ஒரு வருடம் செல்லுபடியாகும் மருத்துவ இன்சூரன்ஸ் வேண்டும். கனடா நிறுவனத்தில்தான் எடுக்க வேண்டும் என்றிருந்ததை 2025 ஜனவரி 28-ல் தளர்த்தி, அந்நாட்டு நிதி ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதி பெற்ற வெளிநாட்டு நிறுவனங்களையும் சேர்த்தார்கள். எழுபது வயதைத் தாண்டி, சர்க்கரையும் இதய நோயும் இருந்தால் அந்தப் பிரீமியம்தான் பயணச் செலவிலேயே பெரிய தொகையாக நிற்கும். விமான டிக்கெட்டைப் பார்ப்பதற்கு முன் இதை விசாரியுங்கள்.

ஆஸ்திரேலியா 2019-ல் 870 என்ற எண்ணில் தற்காலிகப் பெற்றோர் விசா தந்தது. மூன்று வருடம் அல்லது ஐந்து வருடம், மொத்தம் பத்து வருடம் வரை. ஐந்து வருட விசாவின் கட்டணம் பத்தாயிரம் ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல். அடுத்த விசாவுக்கு இடையில் 90 நாள் அந்நாட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். காசிருப்பவர்களின் வழி என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் சாதாரண நிரந்தரப் பெற்றோர் விசாவுக்கான வரிசை முப்பது வருடத்துக்கும் மேல் என்று அந்த அரசே சொல்லும்போது, வேறென்ன செய்வார்கள்?

பிரிட்டனில் ஒரு வருகைக்கு ஆறு மாதம். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் அந்தப் பேச்சே இல்லை. எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாள்தான், மகள் ஃபிராங்க்ஃபர்ட்டில் பிரசவித்தாலும் சரி. பக்கத்து நாட்டுக்குப் போய்வந்தால் கணக்கு புதிதாக ஆரம்பிக்கும் என்பது தவறான நம்பிக்கை. 2025 அக்டோபர் 12 முதல் அங்கே முத்திரைக்குப் பதில் கணினிப் பதிவு வரத் தொடங்கிவிட்டதால், நாளை எண்ணுவதில் சலுகை எதிர்பார்க்க முடியாது. சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸில் வேலை பார்க்கும் பிள்ளை, மாதம் 12,000 சிங்கப்பூர் டாலர் சம்பளம் இருந்தால் பெற்றோருக்கு நீண்டகால வருகை அனுமதி கேட்கலாம்.

மாத்திரையும் கசகசாவும்

ஆறு மாதத்துக்கு மாத்திரை எடுத்துக்கொண்டு போவது நம் வழக்கம். அமெரிக்காவின் பொதுவான வழிகாட்டுதல், 90 நாளுக்கு மேல் வேண்டாம் என்பது. அதைவிட நீண்டு தங்குகிறவர்கள், டாக்டர் கடிதம், சீட்டின் பிரதி, விசா மற்றும் பாஸ்போர்ட் பிரதிகளோடு மீதி மருந்தைப் பின்னால் தருவித்துக்கொள்ள வழி இருக்கிறது. எல்லா மாத்திரையையும் அட்டையிலிருந்து பிரித்து ஒரே டப்பாவில் கொட்டிக்கொண்டு போகாதீர்கள். மருந்தின் மூலப்பெயரை டாக்டரிடம் ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள், நம் கம்பெனிப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. துபாயில் தங்கப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வலிக்குத் தரும் டிராமடால், சர்க்கரை நோயாளிகளின் கால் எரிச்சலுக்குத் தரும் பிரிகாபலின் போன்றவை அங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். முன் அனுமதி வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். கசகசாவை அமீரகத்துக்கும் சிங்கப்பூருக்கும் எடுத்துப் போகவே கூடாது. குருமாவுக்குத் தேங்காயும் முந்திரியும் போதும்.

அமெரிக்காவில் பச்சைக் கறிவேப்பிலை தடை. எலுமிச்சைக் குடும்பச் செடிகளைத் தாக்கும் பூச்சி அதில் வரும் என்று பயப்படுகிறார்கள். எடுத்துப் போனதைக் கேட்கும்போது சொல்லிவிட்டால் பொருள்தான் போகும். மறைத்தால் அபராதம், அதற்கும் மேலே ஒரு குறிப்பு உங்கள் பெயரில் ஏறும்.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது மலிவான பாலிசியைப் பிள்ளைகள் தேடுவதற்குக் காரணம் புரிகிறது. ஆனால் ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு அதில் என்ன உண்டு, என்ன இல்லை என்ற பக்கத்தைப் பெற்றோரும் சேர்ந்து படிக்க வேண்டும். ஒரு நோய்க்கு இவ்வளவுதான் என்று தொகை வரம்பு வைத்த பாலிசியில், மருத்துவமனைப் பில்லின் மீதி மகன் தலையில் விழும். பிரிட்டனில் விசிட்டராகப் போனவருக்கு அரசு மருத்துவமனையில் அவசரப் பிரிவு தாண்டிய சிகிச்சைக்கு, வழக்கமான செலவில் ஒன்றரை மடங்கு வசூலிப்பார்கள்.

இங்கே விட்டுப்போகிற வேலைகளும் உண்டு. மத்திய அரசு ஓய்வூதியர் நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். அந்த மாதம் டெக்ஸாஸில் இருந்தால், இந்தியத் தூதரகம் வழியாகக் கொடுக்கலாம், கிளம்புவதற்கு முன் பென்ஷன் தரும் வங்கியில் ஒரு முறை கேட்டுவிட்டால் நிம்மதி. இந்திய சிம் கார்டை அணைத்துவிட்டால் ஓடிபி வராது, ஓடிபி வராவிட்டால் வங்கிக் கணக்கு கண்ணுக்குத் தெரியும் கைக்கு எட்டாது. ரோமிங் போட்டு உயிரோடு வைத்திருங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ராத்திரி பதினோரு மணிக்கு அவசரமாகப் படிவத்தை நிரப்பி, ‘சப்மிட் பண்ணிட்டேன்பா’ என்று வாட்ஸ்அப் அனுப்பாதீர்கள். அனுப்புவதற்கு முன், ஒவ்வொரு பதிலையும் அப்பா அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். நீங்கள் எழுதிய பதிலுக்குக் கவுன்ட்டரில் பொறுப்பேற்கப்போகிறவர்கள் அவர்கள்.